வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும்

மார்பகத்தைத் தூக்கி நிறுத்தும் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு பெண் வீட்டுக்குக் கிளம்பும்போது, டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டுவதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். “வீட்ல யாருக்கும்மா தெரியும்?”

சிலர் கணவரைக் கைகாட்டுவார்கள். சிலர் “ரூம்ல கூட இருக்கிற பொண்ணுக்கு மட்டும்” என்பார்கள். “யாருக்குமே தெரியாது சிஸ்டர், ஆபீஸ் வேலையா மைசூரு போறேன்னு சொல்லிட்டு வந்தேன்” என்று தலையைக் குனிந்துகொள்கிறவர்களும் உண்டு. அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குக் கவலை தொடங்கிவிடும். அறுவை சிகிச்சை இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். புண் ஆறுவது அவருடைய வீட்டில், அவருடைய சமையலறையில். அங்கே அவருக்காகக் குடத்தைத் தூக்க ஆள் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

நான் கோலார் தங்க வயலில் பிறந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் தெருவுக்குப் பிழைப்பு என்று மிஞ்சியது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற ரயில்தான். அந்த ரயிலேறி வந்து நர்ஸிங் படித்த பெண்களில் நானும் ஒருத்தி. இப்போது பெங்களூரில் தனியார் மருத்துவமனை ஒன்றின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் இருக்கிறேன். தீக்காயம் பட்டவர்கள், உதடு பிளந்து பிறந்த குழந்தைகள், இயந்திரத்தில் கை சிக்கியவர்கள், புற்றுநோய்க்கு மார்பை எடுத்துவிட்டுத் திரும்ப உருவாக்கிக்கொள்ள வருபவர்கள், எல்லோரும் எங்களிடம்தான் வருகிறார்கள். தளர்ந்து சரிந்த மார்பகத்தைச் சரிசெய்துகொள்ள வருபவர்களும் அதே கட்டிலில்தான் படுக்கிறார்கள்.

இது நடிகைகள் செய்துகொள்கிற காரியம் என்று வெளியே நினைக்கிறார்கள். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பள்ளி ஆசிரியை இருக்கிறார், வங்கி ஊழியர் இருக்கிறார், ஹலசூருவில் தையல் கடை வைத்திருப்பவர் வந்திருக்கிறார். இரண்டு, மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர்கள், உடம்பு பெருத்திருந்து எடையை நிறையக் குறைத்த பிறகு தோல் மட்டும் தொங்கிப்போனவர்கள், ஒரு பக்கம் புற்றுநோய்க்கு அறுவை செய்த பிறகு மறுபக்கத்தை அதற்கு ஈடாக ஏற்றிக்கொள்பவர்கள். மடிப்புக்கு அடியில் வியர்வை தேங்கிப் புண்ணாவதைத் தாங்க முடியாமல் வருபவர்களையும் பார்க்கிறேன். இவர்களில் யாரும் இதற்காக யாரிடமும் கூச வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்கிற கலையின் கதையைப் பார்த்தாலும் அப்படித்தான். 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தான் படையிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பினார்கள். பிறகு புனே பக்கத்து வைத்தியர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்துக் கொடுத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் அந்த முறையைச் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று ஒரு வண்டிக்காரர் ஆசைப்பட்டதை அன்றைக்கு யாரும் ஆடம்பரம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். மாஸ்டோபெக்ஸி என்பது மருத்துவப் பெயர். மிகுதியான தோலை வெட்டி எடுத்து, உள்ளிருக்கும் திசுவை மேலே ஏற்றித் தைத்து, காம்பையும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் உயரமான இடத்துக்கு மாற்றி வைப்பார்கள். ரவிக்கைத் துணியில் மடிப்புப் பிடித்துத் தைத்து வடிவம் கொண்டுவருகிற மாதிரி என்று அந்தத் தையல் கடைக்காரரே எனக்கு விளக்கிச் சொன்னார். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. தளர்வு குறைவென்றால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டு. அதிகமென்றால் அங்கிருந்து நேர்கீழாக ஒரு கோடு, இன்னும் அதிகமென்றால் மார்பின் அடி மடிப்பிலும் ஒரு கோடு, நங்கூரம் வரைந்ததுபோல் தெரியும். மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். அன்றைக்கே அல்லது ஒரு ராத்திரி தங்கவைத்து அனுப்புவது வழக்கம்.

தியேட்டருக்குள் போகுமுன் உடம்பில் இருக்கிற உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வோம். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துகிறார்கள், உலோகம் இருந்தால் சுட்டுவிட வாய்ப்புண்டு. தாலிச் சங்கிலியைக் கழற்றும்போது சில பெண்களுக்குக் கை நடுங்கும். மணிக்கட்டில் ஒரு நூல் கட்டிவிடுவேன், தாலியைக் கூட வந்திருப்பவர் கையில் கொடுப்பேன். திரும்பப் போட்டுக்கொள்வதற்கு அவசரம் வேண்டாம். காயத்தின் மேல் சங்கிலி உராயும், மஞ்சள் கயிறு என்றால் ஈரம் தங்கும். தையல் போட்ட இடம் மூடிக்கொள்கிறவரை பொறுத்திருங்கள் என்று மாமியார் இருந்தால் அவரிடமே நேரில் சொல்லிவிடுவேன். காரணம் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் மறைத்தால்தான் சண்டை.

முதல் இரண்டு நாள்தான் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய நேரம். இரண்டு பக்கமும் வீங்கும், கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக இருக்கும். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று பெரிதாகி, கல்லாக இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். உடனே திரும்பத் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். காம்பின் நிறம் சாம்பலாகவோ கருப்பாகவோ மாறினாலும் ரத்த ஓட்டம் குறைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது இதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. மாத்திரை மயக்கத்தில் பாதி அவருக்கு நினைவில் இருக்காது. கூட இருப்பவரிடமும் சொல்ல வேண்டும். கூட யாரும் இல்லாவிட்டால் யாரிடம் சொல்வது?

சிலருக்கு உள்ளே தேங்கும் நீரை வடிக்க மெல்லிய குழாய் வைத்திருப்பார்கள், நுனியில் ஒரு பிளாஸ்டிக் பல்பு இருக்கும். அதோடு வீட்டுக்குப் போனால், தினமும் எத்தனை மில்லி வடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். குழாயைப் பார்த்தே பயப்படுகிறவர்கள் உண்டு. எடுக்கும்போது ஒரு நிமிடக் கூச்சம்தான்.

வீட்டில் நடக்கிறதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பனசங்கரி பக்கம் குடியிருந்த ஒரு பெண், வீட்டில் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லிவிட்டு வந்து செய்துகொண்டார். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. மாமியார் நல்ல மனுஷி. மருமகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று நம்பி, பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார், ரசம் வைத்துக் கொடுத்தார். “வயித்துல படாம நெஞ்சோட அணைச்சுக்கோம்மா” என்று இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கி மார்பில் சாய்த்துவிட்டார். அந்தப் பெண்ணால் வாய் திறந்து எதுவும் சொல்ல முடியவில்லை. தையல் பிரிந்து அவர் எங்களிடம் வந்தபோது மாமியாரும் கூடவே வந்திருந்தார். உண்மை தெரிந்ததும் அவர் திட்டுவார் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். “இதை மொதல்லயே சொல்லியிருந்தா புள்ளைய நான் தூக்கியிருப்பேனேம்மா” என்று சொல்லிவிட்டு அழுதார்.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் கேட்கிறேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டாம், அது உங்கள் உரிமை. ஆனால் கூடவே இருக்கிற ஒரு ஆளுக்கு, எதைத் தூக்கக் கூடாது என்பதோடு சேர்த்து, முழுதும் தெரிந்திருக்க வேண்டும்.

எதைத் தூக்கக் கூடாது? மருத்துவர்கள் இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். எண்ணாகச் சொன்னால் யாருக்கும் மனதில் பதிவதில்லை. அதனால் நான் பொருளாகச் சொல்வேன். பெங்களூரில் வீட்டுக்கு வீடு வருகிற தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அதைத் தொடக்கூடாது, சாய்க்கவும் கூடாது. நிறைந்த குக்கர் கூடாது. மாவு அரைத்த கிரைண்டர் கல் கூடாது. ஈரத் துணி வாளி, கேஸ் சிலிண்டர், பிள்ளையின் புத்தகப் பை, எதுவும் வேண்டாம். 2024 கோடையில் இந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து டேங்கருக்கு வரிசையில் நின்றார்களே, அப்போது அறுவைக்கு நாள் குறித்திருந்த ஒருவரிடம், தள்ளிப்போட முடியுமென்றால் மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வீட்டில் தண்ணீர் தூக்க வேறு கை இல்லாதவருக்கு அதுதான் சரியான ஆலோசனை என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது கையை உயர்த்துவது. முதல் இரண்டு, மூன்று வாரம் முழங்கை தோளுக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடியில் துணி போடுவது, மேல் தட்டில் இருக்கிற டப்பாவை எடுப்பது, பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்து நிற்பது, தலை பின்னுவது எல்லாம் இதில் வந்துவிடும். வேண்டிய சாமானை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்காகக் கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்து, தோள்பட்டை இறுகிப்போன பெண்களையும் பார்த்திருக்கிறேன். சாப்பிடலாம், பல் தேய்க்கலாம், முகம் கழுவலாம், தோளை மெல்லச் சுழற்றலாம். அன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க அந்த நடைதான் பெரிய மருந்து.

தலை பின்னுவதைப் பற்றிச் சொன்னதும் ஸ்ரீராமபுரத்து ஆட்டோக்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். மனைவிக்கு ஒரு பக்கம் புற்றுநோய் அறுவை முடிந்து, மறுபக்கத்தை ஏற்றிச் சமன்செய்திருந்தார்கள். இடுப்புவரை நீண்ட முடி. பரிசோதனைக்கு வந்தபோதெல்லாம் பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இருக்கும். “அவருதான் பின்னி விடறாரு சிஸ்டர். இழுக்காதீங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு” என்று அந்தம்மா புகார் சொல்வார், முகமெல்லாம் சிரிப்பாக. அந்தம்மாவின் காயம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஆறியது.

படுப்பது மல்லாந்து மட்டும்தான், தலையும் முதுகும் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம். குப்புறப் படுத்தே பழகியவர்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. இரண்டு பக்கமும் தலையணை அண்டை கொடுத்தால் தூக்கத்தில் புரளாமல் இருக்கலாம். முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் இடுப்பு வலிக்காது. பாயில் படுப்பவர்கள் சில வாரம் கட்டிலுக்கு மாறுவது நல்லது, கையை ஊன்றித் தரையிலிருந்து எழுவது நெஞ்சுத் தசையை இழுக்கும். எழும்போது வயிற்றாலும் காலாலும் எழப் பழகிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் முதுகில் ஒரு கை கொடுக்கலாம்.

சர்ஜிக்கல் ப்ரா இரவும் பகலும் போட வேண்டும், நான்கு முதல் ஆறு வாரம், மருத்துவர் சொல்கிறவரை. முன்பக்கம் கொக்கியோ ஜிப்போ இருக்கிறதாகப் பார்த்து, அறுவைக்கு முன்பே இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் துவைத்தால் இன்னொன்று. கம்பி வைத்தது வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊரிலும் இப்போது வெயில் கொளுத்துகிறது. வியர்வை மடிப்பில் தேங்கினால் புண் நமநமக்கும், தொற்று வரும். பருத்தித் துணி போட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உலர விடுங்கள். புடவை கட்டுகிறவர்கள் கொஞ்ச நாள் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியிலோ சட்டையிலோ இருப்பதே உசிதம். தலைவழியாக மாட்டுகிற குர்தா பீரோவிலேயே இருக்கட்டும்.

மேசை வேலை பார்ப்பவர்கள் ஒன்று, இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம். பயணம்தான் தொந்தரவு. நம் ஊர் வேகத்தடையும் குழியும் தெரிந்ததுதானே. ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும். வலி மாத்திரையின் மயக்கம் இருக்கக் கூடாது, சட்டென்று பிரேக் பிடித்தாலும் வண்டியைத் தாங்கி நிறுத்தினாலும் நெஞ்சில் வலி வரக் கூடாது. காரில் போனால் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டே போடாமல் போகக் கூடாது. ஓட்டம், ஜிம், நீச்சல் எல்லாம் ஆறு வாரம் கழித்து.

சாப்பாட்டு விஷயத்தில் ஒவ்வொரு வீட்டுப் பாட்டியோடும் நான் வழக்காட வேண்டியிருக்கிறது. கத்தரிக்காய் சேர்க்காதே, முட்டை சேர்க்காதே, தயிர் ஊற்றினால் சீழ் பிடிக்கும் என்று அடுக்குவார்கள். பாட்டிமார்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் வெறும் மிளகு ரசமும் சோறும் தின்றால் புண் ஆற உடம்பில் சத்து இருக்காது. தோல் கூடுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால், தயிர் எதுவானாலும் சரி. வலி மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும், முக்குவது காயத்துக்குக் கெடுதல், ஆகையால் கீரை, பழம், நிறையத் தண்ணீர். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புகை பிடிப்பவர்கள் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், காம்புக்கே ரத்தம் போகாமல் போகலாம். பெண்கள் இதை வெளியில் சொல்லக் கூச்சப்படுவார்கள். எங்களிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள், நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்.

குளியல், மருத்துவர் சொன்ன பிறகு, மேலிருந்து தண்ணீர் ஊற்றி, சோப்பைத் தேய்க்காமல். எண்ணெய்க் குளியல் காயம் முழுக்க மூடுகிறவரை வேண்டாம். காயத்தில் மஞ்சள் தூளோ தேங்காய் எண்ணெயோ போடவே வேண்டாம். மஞ்சள் போட்ட காயத்தில் சிவப்பு எது, தொற்று எது என்று எங்களுக்குக்கூடத் தெரியாமல் போய்விடும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, நாற்றத்தோடு சீழ், இதில் எது வந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சுத் திணறினால் அல்லது நெஞ்சு வலித்தால் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக 108.

மூன்றாம் நாள் வாக்கில் பலர் காரணம் தெரியாமல் அழுவார்கள். மயக்க மருந்தும் வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை. கண்ணாடியில் பார்த்தால் மார்பு விறைத்து, மேலே ஏறி, சதுரமாக இருக்கும். “இதுக்கா இவ்ளோ செலவு பண்ணேன்?” என்று ராத்திரி வார்டுக்குப் போன் வரும். அந்த வடிவம் நிலைக்காது. வீக்கம் வடிந்து, திசு கீழே இறங்கி இயல்பாக அமைய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். காம்பில் உணர்ச்சி மரத்துப்போகலாம், அல்லது துணி பட்டாலே கூசலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிறது. சிலருக்குக் கொஞ்சம் மரத்த உணர்வு நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு. இதை அறுவைக்கு முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு, மூன்று வாரத்தில் இன்னொரு பயம் வரும். நேர்க்கோடும் அடிக்கோடும் சந்திக்கிற இடத்தில் தோலுக்கு இழுவிசை அதிகம். அங்கே சின்னதாக வாய் பிளக்கலாம். பார்த்த உடனே எல்லாம் போச்சு என்று நினைத்துவிடுவார்கள். சின்னப் பிளவு பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கிலேயே, மறு அறுவை இல்லாமல் மூடிக்கொள்ளும், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். மறைத்து வைத்துத் தாங்களே ஏதோ களிம்பு தடவுகிறவர்களுக்குத்தான் அது பெரிதாகிறது. போட்டோ எடுத்து அனுப்பினால்கூடப் போதும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

தழும்பு முதலில் சிவந்து தடித்துத்தான் இருக்கும், ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மங்கும். நம்மைப்போல் கருத்த தோலுக்குத் தழும்பு தடித்து மேலெழும்புகிற சுபாவம் கூடுதல். காது குத்தின இடத்தில் உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ கட்டியாகத் தடித்ததா என்று முன்பே கேட்டுக்கொள்வோம். காயம் மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் தாள், சில மாதம் விடாமல் போட்டால் பலன் தெரியும். தடிப்பு வளர்ந்துகொண்டே போனால் ஊசி மருந்து இருக்கிறது. ஆரம்பத்திலேயே வர வேண்டும்.

2022 மே மாதம் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பின் இறந்துபோனார். வயது 21. பெற்றோருக்குத் தெரிவிக்காமல் தோழிகளோடு போனார் என்று அப்போது செய்திகளில் வந்தது. அது வேறு அறுவை சிகிச்சை, இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க வார்டில் நாங்கள் வேறெதையும் பேசவில்லை. அந்தப் பிள்ளை வயதில் எனக்கு ஒரு தங்கை மகள் இருக்கிறாள். ஆசைப்பட்டதற்காக யாரையும் குறை சொல்லாதீர்கள், அந்த ஆசையை வீட்டில் சொல்ல முடியாதபடி வைத்திருந்தது யார் என்று யோசியுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்குத் தெரிந்திருந்தால் கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்திருக்கும்.

என்ன கேள்வி? செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டா? மயக்க மருந்து கொடுக்க அதற்கென்று படித்தவர் இருக்கிறாரா? அந்த இடம் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்ததா? நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா, இல்லையென்றால் எங்கே கொண்டுபோவார்கள்? அழகு நிலையத்தின் மாடியில் தள்ளுபடி விலைக்குச் செய்கிறார்கள் என்றால் படியேறவே வேண்டாம். பணம் என்று பார்த்தால் லட்சத்தைத் தாண்டும். தோற்றத்துக்காகச் செய்துகொள்வதைக் காப்பீடு ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆட்டோக்காரர் வீட்டில் இதைத் தெரிந்துகொள்ளாமல் வட்டிக்குக் கடன் வாங்கத் தயாராக இருந்தார்கள். எங்கள் பில் கவுண்டர் பையன்தான் உட்காரவைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான்.

இனிப் பிள்ளை பெறுகிற எண்ணம் இருந்தால் அதை முடித்துக்கொண்டு வருவது நல்லது. கர்ப்பத்தில் மார்பு பெருத்துச் சுருங்கினால் மறுபடி தளரும். பால் கொடுக்க முடியலாம், குறையவும் கூடும்.

பெங்களூரில் 1973 முதல் இருக்கிற கிட்வாய் புற்றுநோய் மையம் 1980களிலிருந்து இந்த நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. இங்கே பெண்களுக்கு வருகிற புற்றுநோயில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அதனால் நாற்பது தாண்டியவர்களுக்கு இந்த அறுவைக்கு முன்பே மேமோகிராம் எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, புதிதாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை. உள்ளே தையல் போட்ட இடங்களும் கொழுப்பு இறுகிய இடங்களும் படத்தில் வேறுமாதிரி தெரியும். அறுவை செய்துகொண்டேன் என்று படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் தேவையில்லாத ஊசிப் பரிசோதனை மிச்சம். அறுவைக் குறிப்பையும் வெட்டி எடுத்த திசுவின் பரிசோதனை முடிவையும் ஒரு ஃபைலில் போட்டு, ரேஷன் கார்டும் ஆதாரும் வைக்கிற இடத்திலேயே வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் கேட்கலாம். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.